வெள்ள அபாய மேலாண்மையில் பட்டதாரிப் பொறியாளராகச் சேரலாமா? நாள் முழுக்கக் கணினி முன்புதான் உட்கார வேண்டுமா?

சேரலாம். ஆனால் கணினி வேலைதானே என்று நினைத்துச் சேராதீர்கள். அந்த நினைப்புடன்தான் நான் சேர்ந்தேன்.

சிவில் படிப்பை முடித்து, வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் சேர்ந்த நான்காவது மாதம் ஒரு சிறிய ஓடையின் வெள்ளக் கணக்கை என்னிடம் ஒப்படைத்தார்கள். வெள்ளத்தில் நீர் எவ்வளவு உயரும் என்று கணக்கிடும் ஹெக்-ராஸ் மென்பொருளில் அந்த ஓடையின் கணினி மாதிரியை அமைத்தேன். (அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு உருவாக்கியது; இலவசம்தான், சேருவதற்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள்.) ஓடைப்படுகையின் சொரசொரப்பைக் குறிக்கும் மானிங் எண்ணுக்குப் பாடப்புத்தகத்தைப் பார்த்து 0.035 போட்டேன். மாதிரியில் தண்ணீர் சாலையைத் தொடவில்லை. மூத்த பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இடத்தைப் போய்ப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் போனேன். சாலைக்கு அடியில் ஓடை கடக்கும் குழாய் 1.2 மீட்டர் விட்டம். என் மாதிரியில் அது முழு வட்டம். நேரில் பாதிக்கு மேல் வண்டல். வாயில் கிளைகளும் ஒரு பழைய மெத்தையும் சிக்கிக் கிடந்தன. இரு கரையிலும் ஆளுயர நாணல். பக்கத்து வீட்டு அம்மா என்னை உள்ளே அழைத்து அலமாரியை நகர்த்திக் காட்டினார். சுவரில் முழங்காலுக்குச் சற்று மேலே, முன்பு வந்த வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு. அதற்குக் கீழே விரல் பட்டதுமே பூச்சு உதிர்ந்தது. வெள்ளம் வராத இடம் என்று வரைபடத்தில் நான் வெள்ளையாக விட்டிருந்த வீடு அது.

"நூறு வருட வெள்ளம் என்றார்களே அம்மா, இனி நூறு வருடத்துக்கு வராதல்லவா?" என்று அந்த வீட்டு அம்மா என்னிடம் கேட்டார். நூறு வருட வெள்ளம் என்பது எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம். அடுத்த ஆண்டே திரும்பவும் வரலாம். ஒரே வீட்டில் 30 ஆண்டுகள் இருந்தால் ஒருமுறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். கணக்கு எனக்குத் தெரியும். அவருக்குப் புரியும்படி சொல்லத்தான் அன்று தெரியவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

திரும்பி வந்து, குழாயைப் பாதி அடைத்து, நாணல் உள்ள பகுதிகளுக்கு 0.07 போட்டு, அந்த வெள்ளத்தின் மழையையே கொடுத்து ஓட்டினேன். கணக்கிட்ட நீர்மட்டம் அந்தப் பழுப்புக் கோட்டுக்குச் சில சென்டிமீட்டர் பக்கத்தில் வந்து நின்றது.

மாதிரியே வேண்டாம் என்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மாதிரி இல்லாமல் எந்தக் கரையின் உயரத்தையும் தீர்மானிக்க முடியாது. குழாய்க்குள் எட்டிப் பார்க்காமல் ஓட்டிய மாதிரியை நம்பாதீர்கள் என்பதுதான் என் பேச்சு. நேரமில்லை, தூரம் என்று காரணம் சொல்லும் அலுவலகங்கள் உண்டு. நேர்முகத் தேர்விலேயே, முதல் ஆண்டில் எத்தனை நாள் களத்துக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓடையில் இறங்க இடுப்புவரை வரும் ரப்பர் காலணி தருவார்கள். என் அலுவலகத்தில் இருந்தவை எல்லாமே ஆண்களின் அளவு. பெண்கள் இறங்குவார்கள் என்று வாங்கியவருக்குத் தோன்றவே இல்லை. இரண்டு ஜோடி காலுறை போட்டும் கால் உள்ளே வழுக்கியது. ஒருமுறை சேற்றில் காலணி சிக்கிக்கொள்ள, ஓடும் தண்ணீரில் விழுந்தேன். சரியான அளவு கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதினொரு மாதம் கழித்துத்தான் பதில் வந்தது. பாதுகாப்பு விதிகளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அலுவலகம் அது. சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் கால் அளவை எழுதிக் கொடுத்து, அதன் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.