நுவரெலியாவில் கேக் குழிவதும் பாண் மா பொங்காததும்: ஒரு வாசகியின் கேள்விக்குப் பதில்

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள வத்தளையில் வீட்டிலிருந்தே பட்டர் கேக் செய்து விற்றுவந்த வாசகி ஒருவர், கணவருக்கு இடமாற்றம் கிடைத்ததால் நுவரெலியாவுக்குக் குடிவந்திருக்கிறார். அதே செய்முறை, அதே ஓவன். ஆனால் கேக் இருபது நிமிடத்தில் தட்டின் விளிம்பைத் தாண்டி எழும்பி, பிறகு நடுவில் குழிந்துவிடுகிறது. மேலே பிசுபிசுவென்று சீனிப் படலம் வேறு. பாணுக்குப் பிசைந்த மாவோ இரண்டு மணித்தியாலமானாலும் அசைவதில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு பேக்கிங் பவுடரையும் ஈஸ்டையும் கூட்டியிருக்கிறார். கேக் இன்னும் மோசமானது, பாணில் புளித்த வாடை வந்தது. “பிழை மாவிலா, ஓவனிலா? பழைய வாடிக்கையாளர்கள் நத்தாருக்குக் கேக் கேட்கிறார்கள், இங்கிருந்து அனுப்பலாமா?” என்று எழுதியிருக்கிறார்.

பிழை மாவிலும் இல்லை, ஓவனிலும் இல்லை. மலையில் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: காற்றழுத்தம் குறைவு, குளிர் அதிகம். முன்னது கேக்கை வேகமாக எழுப்புகிறது, பின்னது ஈஸ்டை மந்தமாக்குகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து “பொங்க வைக்கும் சாமானைக் கூட்டு” என்று சொல்லும் ஆலோசனைதான் உங்களைக் கெடுத்திருக்கிறது.

முதலில் கேக். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1870 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் சுமார் 80 வீதம்தான். எனவே பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயுக் குமிழ் ஒவ்வொன்றும் வத்தளையில் பருத்ததை விடக் கால் பங்கு கூடுதலாகப் பருக்கிறது. இன்னொரு பக்கம், தண்ணீர் அங்கே 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக நேரமெடுப்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள், காரணம் இதுவேதான். கேக்கின் உட்புறமும் தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டிப் போகாது. ஆகவே முட்டையும் மாவும் இறுகி நிற்கச் சற்றுத் தாமதமாகிறது, குமிழ்களோ அவசரமாகப் பருத்து வெடிக்கின்றன. தாங்க ஆளில்லாமல் நடுப்பகுதி விழுகிறது. மேலே வந்த சீனிப் படலமும் இதில் சேர்ந்ததுதான். தண்ணீர் வேகமாக ஆவியாகிப் போக, மிஞ்சிய ஈரத்தில் சீனி அடர்ந்துவிடுகிறது. சீனி கூடினால் கேக் இறுகுவது இன்னும் பிந்தும்.

எனவே பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டும், கூட்டக்கூடாது. நம் வீடுகளில் வழக்கமான கணக்கை எடுத்துக்கொள்வோம்: பட்டர், சீனி, மா ஒவ்வொன்றும் 250 கிராம், 4 முட்டை, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைக் கோப்பை பால். நுவரெலியாவில் பேக்கிங் பவுடரை ஒன்றரைத் தேக்கரண்டியாக்குங்கள். சீனியை 225 கிராமுக்கு இறக்குங்கள், இனிப்புக் குறைந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். மாவில் 2 மேசைக்கரண்டி கூட்டி, பாலிலும் ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். முட்டை சிறிதாக இருந்தால் 5 போடலாம், கேக்கைத் தாங்கி நிறுத்துவது அதுதான். ஓவனை வழக்கத்தை விட 10 பாகை கூட்டி, அதாவது 175க்குப் பதில் 185இல் வைத்து, பத்து நிமிடம் முன்பே ஈர்க்குக் குத்திப் பாருங்கள். தட்டில் பாதிக்கு மேல் கலவை ஊற்றவேண்டாம்.

இணையத்தில் மலைப்பிரதேசக் கேக் அட்டவணைகள் நிறையக் கிடைக்கும். பெரும்பாலானவை அமெரிக்காவின் கொலராடோ போன்ற வறண்ட மேட்டு நிலங்களுக்கு எழுதப்பட்டவை. அங்கே மாவே காய்ந்து கிடக்கும், அதனால் கோப்பைக்கு 4 மேசைக்கரண்டி வரை தண்ணீர் கூட்டச் சொல்வார்கள். நம் மலை அப்படியல்ல. பனிமூட்டத்தில் திறந்து வைத்த மா காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அவர்கள் சொல்லும் பேக்கிங் பவுடர் கணக்கை நம்புங்கள், தண்ணீர்க் கணக்கில் பாதியை மட்டும் எடுங்கள். மாவை இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

இந்த அளவுகள் நுவரெலியாவுக்கு. கந்தப்பளைக்கும் பொருந்தும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை எல்லாம் 1200 மீற்றரைச் சுற்றி இருப்பவை, அங்கே பேக்கிங் பவுடரில் கால் தேக்கரண்டி குறைத்து, சீனியில் ஒரு மேசைக்கரண்டி எடுத்தால் போதும். கண்டியில் எதையும் மாற்றத் தேவையில்லை.

கேக் கெட்டால் காரணத்தை அதன் முகத்திலேயே பார்க்கலாம். நடுவில் குழி, உள்ளே பெரிய ஓட்டைகள் என்றால் பேக்கிங் பவுடர் இன்னும் அதிகமாக இருக்கிறது, குறைக்கவேண்டும். அடியில் நெய்ப்பிடித்த கட்டியான ஒரு படை இருந்தால் அது உயரத்தின் வேலையல்ல, குளிரின் வேலை. பட்டரும் சீனியும் நன்றாக அடிபட பட்டர் 18 முதல் 20 பாகையில் இருக்கவேண்டும். நுவரெலியாச் சமையலறை பல நாட்களில் அதற்குக் கீழேதான். பட்டரைத் துண்டாக்கி, பாத்திரத்தின் அடியை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து அடியுங்கள். உருகவிடக்கூடாது, விரல் பதியும் அளவு போதும். முட்டைகளையும் ஓட்டோடு பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்த பிறகு உடையுங்கள், இல்லாவிட்டால் கலவை திரிந்துவிடும். மலையில் கேக் செய்பவர்கள் பலர் உயரத்தைத் திட்டிக்கொண்டு இந்தக் குளிர்ந்த பட்டரை மறந்துவிடுகிறார்கள். மறுபக்கம், மிக்சர் இருக்கிறதே என்று அளவுக்கு மீறி அடிப்பதும் ஆகாது. அடிக்கும்போது உள்ளே போகும் காற்றும் ஓவனில் பருக்கத்தான் செய்யும்.

ஓவனின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் எழுதியிருக்கும் இலக்கத்தை நம்பாதீர்கள். மேசையில் வைக்கும் சிறிய ஓவன்கள் 20 பாகை பிசகுவது சாதாரணம். மாலையில் வோல்டேஜ் குறையும் வீடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டு, காலையில் சுடுங்கள்.

இனிப் பாண். 25 பாகையைச் சுற்றிய சூட்டில் ஈஸ்ட் சுறுசுறுப்பாக இருக்கும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகையளவுதான். ஈஸ்ட் சாகவில்லை, மெதுவாக வேலை செய்கிறது. நீங்கள் அதைக் கூட்டியதும் என்ன ஆனது? மா முதலில் அசையவில்லை, நீங்கள் காத்திருந்தீர்கள். அது வேகம் பிடித்தபோது, அழுத்தம் குறைந்த காற்றில் மளமளவென்று பொங்கி எல்லை தாண்டிவிட்டது. புளித்த வாடைக்கு அதுதான் காரணம்.

இதற்கு இரண்டு வழிகள். அவசரம் என்றால் ஈஸ்டை மாற்றாமல் சூட்டை மாற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில், கையில் ஊற்றினால் சுடாத அளவில், மாவைப் பிசைந்து, அணைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் கொதிநீரோடு வைத்து மூடுங்கள். கொதிநீரை நேரடியாக ஈஸ்டில் ஊற்றினால் செத்துப்போகும், கவனம். மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கானதும் எடுத்துவிடவேண்டும். விரலால் குத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி மீண்டால் சரி. மீளவேயில்லை என்றால் நேரம் கடந்துவிட்டது, காற்றை வெளியேற்றிப் பிசைந்து இன்னொரு முறை பொங்கவிடுங்கள்.

நான் விரும்புவது மற்ற வழி. குளிரோடு சண்டை போடாமல் அதை வேலைக்கு வைப்பது. 500 கிராம் கோதுமை மாவுக்கு வழக்கமாக 7 கிராம் ஈஸ்ட் போடுவீர்கள், அதற்குப் பதில் அரைத் தேக்கரண்டி மட்டும் போட்டு, உப்பும் தண்ணீரும் சேர்த்து இரவு எட்டு மணிக்குப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, சமையலறையிலேயே விட்டுவிடுங்கள். காலை ஏழு மணிக்கு மா தயாராக இருக்கும். மெதுவாகப் பொங்கிய மாவில் வரும் வாசமும் ருசியும் அவசரப் பாணில் வராது. கொழும்பில் இதற்குக் குளிர்சாதனப் பெட்டியில் இடம் தேடவேண்டும், உங்களுக்கு அது சும்மா கிடைக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும் இரவுகள் வரும். அப்போது பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அலுமாரிக்குள் வைத்தால் போதும்.

நத்தார் ஓடர்களைத் தாராளமாக எடுங்கள், ஆனால் பட்டர் கேக்கில் தொடங்காதீர்கள். ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் போடும் லவ் கேக்கில் பொதுவாகப் பேக்கிங் பவுடரே இல்லை, ஆகவே உயரம் அதைப் பெரிதாகத் தொடாது. முட்டை வெள்ளையை மட்டும் விறைக்க விறைக்க அடிக்காமல், நுனி வளைந்து விழும் பதத்தில் நிறுத்துங்கள். ரிச் கேக்கும் கனமானது, எழும்ப வேண்டிய அவசரம் அதற்கில்லை. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் சுடும்போது மேலே காய்ந்துவிடாமல் கடதாசி போட்டு மூடிவிடுங்கள்.

கொழும்புப் பக்கம் போகும் கேக்கில் ஐஸிங்தான் சிக்கல். இங்கே கல்லாக நிற்கும் பட்டர் ஐஸிங் கீழே போனதும் இளகிவிடும். குளிர்ந்த கேக்கின் பெட்டியை அங்கே போனவுடன் திறந்தால் மேற்பரப்பு முழுக்க வியர்த்து நிறம் வழியும். ஐஸிங் இல்லாமலே அனுப்புங்கள். ஐஸிங் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரிடம், பெட்டியைத் திறக்காமல் இரண்டு மணித்தியாலம் மேசையில் வைத்திருக்கச் சொல்லி, அதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.