கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம் என்பது என்ன? துறவிகள் ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இருக்கும் இது, பியூலி மடத்தின் சிஸ்டர்சியன் என்னும் கத்தோலிக்கச் சபைத் துறவிகளுக்காக 1292 வாக்கில் எழுப்பப்பட்ட தானியக் கிடங்கு. நீளம் 152 அடி! மடம் வெகு தொலைவில் இருந்தது. அதனால் இங்கே பண்ணை விளைச்சலைக் கதிரோடு அடுக்கி, நனையாமல் வைத்து, அப்புறம் போரடிக்க ஓர் இடம் தேவைப்பட்டது.

கல்யாணப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தலைக் கால்கள் தாங்குவதுபோல, இந்தக் கூரையின் பெரும்பாரத்தை உள்ளே இரண்டு வரிசையாக நிற்கும் ஓக் மரத் தூண்கள் சுமக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது அவற்றின் அடிப்பகுதிதான்: தூண்களை மண்ணில் ஊன்றாமல் உயரமான கல் பீடங்கள்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். ஈரம் ஏறாது, மரம் உளுக்காது. 700 ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறதே!

பலர் இதைத் தசமபாகக் களஞ்சியம் என்கிறார்கள். அது சரியல்ல, ஊரார் திருச்சபைக்குக் கொடுத்த பத்தில் ஒரு பங்குக்காக அல்ல, மடத்தின் சொந்த நிலத்து விளைச்சலுக்காகவே இதைக் கட்டினார்கள்.