கடற்காற்று அடிக்கும் மட்டக்களப்பில் பழைய மொறிஸ் மைனர் கார் வாங்கி வைத்திருக்க முடியுமா?

முடியும். கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் 1958ஆம் ஆண்டு மைனர் ஒன்று நிற்கிறது. அப்பா ஓட்டியது, இப்போது என் கையில். கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவில் இரும்பைக் காப்பாற்றும் பாடு எனக்கு நன்றாகத் தெரியும்.

எஞ்சின் சத்தத்தில் மயங்கிவிடாதீர்கள். 948 சிசி எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது உடம்பைத்தான். மைனருக்குத் தனிச் சசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. தகட்டு உடம்பே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்கு அடியில் ஓடும் பகுதியும் பின் வில் பூட்டியிருக்கும் இடமும் கறள் தின்றிருந்தால் மேலே எத்தனை பெயின்ற் அடித்திருந்தாலும் பயனில்லை. கால் விரிப்பைத் தூக்கி, திருப்புளிப் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். உளுத்தது பொத்தென்று அமுங்கும்.

அடுத்தது முன்சக்கரம். அதைத் தாங்கும் திருகு மறைக்கு எண்ணெயோ கிறீஸோ போகாவிட்டால் மறை தேய்ந்து சக்கரமே மடிந்துவிடும். எங்களுக்கு அது ஆரையம்பதிப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் மெதுவாகத் திரும்பும்போது நடந்தது. கல்லடிப் பாலத்தில் வேகமாகப் போகையில் நடந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. அன்றிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஜாக்கியில் தூக்கி நானே கிறீஸ் அடிக்கிறேன். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவதும் தவறாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பொனற்றைக் காட்டுவேன். 1948இல் லண்டன் கண்காட்சிக்கு வருமுன், மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் அதை நெடுக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விரித்துப் பார்த்தார். அழகு அப்போதுதான் வந்தது. பொனற்றின் நடுவே ஓடும் தட்டைப் பட்டி அந்த நான்கு அங்குலம்தான். கழுவும்போது என் கை அதன் மேல் சற்று நின்றுதான் நகரும். 1961இல் மினுங்கும் விளக்கு வருமுன் செய்த காராக இருந்தால், திரும்பும்போது கதவோரத் தூணிலிருந்து செம்மஞ்சள் கைகாட்டி எழும். சந்தியில் நிற்கும் பிள்ளைகள் அதைக் கண்டு கை தட்டுவார்கள். நானும் தேவையில்லாத இடத்தில்கூட ஒருமுறை போட்டுக் காட்டுவேன்.

கார் பார்க்க விடியற்காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாமென்று உரிமையாளரிடம் முதல்நாளே சொல்லி வையுங்கள். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து, சிறிது நேரத்தில் தானாக அடங்க வேண்டும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெற்றோல் ஒழுகுகிறது, அல்லது காற்று புகுகிறது. சத்தமே இல்லையென்றால் பொனற்றைத் திறந்து, பம்பைத் திருப்புளிப் பிடியால் மெல்ல ஒரு தட்டு தட்டுங்கள். பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.