மூச்சைக் குறைத்தால் ஆயுள் கூடுமா?

கேள்வி: மனிதனுக்கு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு, அதை மிச்சம் பிடித்தால் ஆயுள் நீளும் என்கிறார் எங்கள் யோகா ஆசிரியர். ஆமை மெதுவாக மூச்சு விடுவதால்தான் நூறு வயதைத் தாண்டுகிறதாமே? பிராணாயாமம் செய்தே 120-ஐத் தொட முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: பெருக்கல் சரிதான். நிமிடத்துக்கு 15 மூச்சு, நாளுக்கு 1,440 நிமிடம். ஆனால் மூச்சு என்ன ரேஷன் அரிசியா, பிறக்கும்போதே அளந்து கொடுத்துவிட? ஆமையைச் சொல்கிறவர்கள் குதிரையை வசதியாக மறந்துவிடுகிறார்கள். சும்மா நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 14 தடவைதான் மூச்சு விடுகிறது, நம்மைவிடக் குறைவு, வாழ்வதோ 25, 30 ஆண்டுதான்.

யோகத்தில் ஊறியவர்களின் வயதையே பாருங்களேன். யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் 1989-இல் சென்னையில் காலமானபோது 100, அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்காருக்கு 95, உடம்பை இளமையாக வைக்கும் என்று சொல்லப்படும் காயகல்பப் பயிற்சியைப் பரப்பிய வேதாத்திரி மகரிஷிக்கு 94. நல்ல வயசுதான், மறுக்கவில்லை. ஆனால் விவேகானந்தர் 39-இல் போய்விட்டார், ரமணர் 70-இல், அதுவும் கையில் புற்றுநோய்க் கட்டியோடு. பதிவான வயதுகளில் உச்சம் 122. அது பிரான்ஸின் ஆர்ல் நகரத்து ழான் கல்மாவுடையது, அந்த அம்மாள் நூறு வயதைத் தாண்டியும் சிகரெட் பிடித்தவர்! (இதைச் சாக்காக வைத்து யாரும் பற்றவைக்க வேண்டாம்.)

அப்புறம் பிராணாயாமம் எதற்கு என்பீர்கள். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விட்டுப் பாருங்கள். விடும்போது நாடி கொஞ்சம் தளர்வது பலருக்கு விரலிலேயே தெரியும். தினமும் செய்தால் படபடப்பு அடங்கும், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும், ராத்திரி தூக்கத்துக்கு உதவும். ஆனால் பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 எண்ணிக்கை என்ற கணக்கைப் படித்துவிட்டு மறுநாளே மூச்சை அடக்க உட்காராதீர்கள், அதிலும் பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் கும்பகத்தின் பக்கமே டாக்டரைக் கேட்காமல் போகக்கூடாது.

கேள்வி: திருமூலர் 3,000 ஆண்டு வாழ்ந்தது உண்மையா?
– வாசகி, சிதம்பரம்

பதில்: ஆண்டுக்கு ஒரு பாட்டு என்று 3,000 பாட்டு பாடினார் என்பது மரபு, அதை நம்பிக்கையாகவே விட்டுவிடலாம். எனக்கு அந்த எண்ணைவிட, ‘உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே’ என்று அவர் சொன்னதுதான் பெரிது, ஏனென்றால் உடம்பை வெறுக்கச் சொன்ன காலத்தில் அதைப் பேணு என்றவர் அவர்.

கேள்வி: காலையில் இஞ்சி, மதியம் சுக்கு, மாலையில் கடுக்காய், ஒரு மண்டலம் சாப்பிட்டால் இளமை திரும்புமாமே?
– வாசகர், தேனி

பதில்: இளமை திரும்பாது, மலச்சிக்கல் போகும். அறுபதுக்கு மேல் அதுவே பாதி இளமை! இஞ்சியில் தோலையும் கடுக்காயில் கொட்டையையும் நீக்கிவிட்டுச் சாப்பிடுங்கள், வயிற்றுப் புண் இருந்தால் வைத்தியரைக் கேட்டுவிட்டு. காயகற்பம் என்ற பெயரில் பாதரசம் சேர்ந்த பற்பம், செந்தூரம் போன்ற சித்த மருந்துப் பொடிகளை யாராவது விற்க வந்தால் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள், சிறுநீரகம் போய்விடும்.