சின்சில்லாவுக்குச் சக்கரம்: வாங்குவதற்கு முன் தராசில் வையுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் பத்து மாத ஆண் ஒன்றும் ஏறக்குறைய ஒரு வயதுப் பெண் ஒன்றுமாக இரண்டு சின்சில்லாக்கள் (அடர்ந்த உரோமமுள்ள, ஆண்டிஸ் மலையைச் சேர்ந்த கொறிவிலங்குகள்) ஒரே கூண்டில் இருக்கின்றன. கூண்டு வாங்கியபோதே விற்பனையாளர் 28 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் ஓட்டச் சக்கரம் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். அதன் ஓடும் பரப்பு ஏணிப்படி போல இடைவெளி விட்ட குறுக்குத் தண்டுகளால் ஆனது. போன வாரம் நள்ளிரவில் ஆணின் பின்னங்கால் அதில் சிக்கிக்கொண்டது. அது அலறிய சத்தத்தில்தான் வீட்டார் எல்லோரும் விழித்தோம். இப்போது நடக்கிறது, ஆனால் மேல் பலகைக்குத் தாவத் தயங்குகிறது. சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். பெண்ணோ இரண்டு மாதங்களாகப் பெருத்துக்கொண்டே வருகிறது. வயிறு உருண்டு, அடிக்கடி பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்கிறது. உடற்பயிற்சிக் குறைவுதான் காரணம் என்று சொல்லி, விலங்கை உள்ளே விட்டு மூடும் ஓட்டப்பந்து ஒன்றையும் வாங்கச் சொல்கிறார் விற்பனையாளர். பெண்ணின் எடை குறையவும், ஆணுக்கு மறுபடி ஆபத்து நேராமலிருக்கவும் எந்தச் சக்கரம் ஏற்றது? அறையில் பிற்பகல் வெப்பம் 27 டிகிரி செல்சியஸ் வரை போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: ஆணின் காலை முதலில் கவனியுங்கள். நடப்பதை வைத்து எலும்புக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்ய முடியாது. சின்சில்லாவின் கணைக்கால் எலும்பு, அதாவது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, தொடை எலும்பைவிட நீளமானது, நேரானது, மெல்லிய சுவர் கொண்டது. அதற்குப் பக்கத்துணையாக இருக்க வேண்டிய வெளிப்புற எலும்போ ஏறத்தாழ இல்லை என்று சொல்லுமளவுக்குச் சிறுத்திருக்கிறது. மேலே போர்த்தியிருக்கும் சதையும் குறைவு. பாறைக்குப் பாறை தாவுவதற்கு அமைந்த இந்தக் கால், பாதம் ஒரு பக்கம் பிடிபட்டு உடல் மறுபக்கம் முறுக்கப்படும்போது எளிதாக முறிகிறது. வலியை வெளிக்காட்டாமல் மறைப்பதும் இவற்றின் இயல்பு. தாவத் தயங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே போதிய அறிகுறி; சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் நாளையே கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அதுவரை கூண்டின் உயரமான பலகைகளை அகற்றி, தரைமட்டத்திலேயே வைத்திருங்கள். வீட்டில் மீந்திருக்கும் மருந்து எதையும் கொடுக்க வேண்டாம். பென்சிலின், அமாக்சிசிலின் போன்றவை வாய்வழியாகச் சென்றால் இவற்றின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போய்விடக்கூடும்.

இனி, நீங்கள் கேட்காத கேள்வி. பருவமடைந்த ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருக்கின்றன, பெண்ணுக்கு இரண்டு மாதங்களாக வயிறு பெருக்கிறது, சாய்ந்து படுக்கிறது. இதற்கு உடற்பயிற்சிக் குறைவு காரணமாக இருக்க முடியாது, ஏனென்றால் அந்த இரண்டு மாதங்களில் போன வாரம் தவிர மற்ற நாள்களெல்லாம் கூண்டில் சக்கரம் இருந்திருக்கிறது. அது சினையாக இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன். மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்தோ ஸ்கேன் எடுத்தோ இல்லை என்று சொல்லும் வரை, சினை என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். ஆணைக் கொண்டுபோகும்போது பெண்ணையும் தனிப் பெட்டியில் கொண்டுபோய்விடலாம். நீங்களாக வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம்.

சின்சில்லாவின் சினைக்காலம் ஏறத்தாழ 111 நாள்கள். இரண்டு மாதங்களாக வயிறு தெரிகிறது என்றால் ஈனும் நாள் மிகத் தொலைவில் இருக்காது. இந்த நிலையில் உள்ள பெண்ணை எடை குறைப்பதற்காகச் சக்கரத்தில் ஏற்றுவதும், தீனியைக் குறைப்பதும், பந்துக்குள் அடைத்து உருட்டுவதும் தாயையும் குட்டிகளையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளும் காரியங்கள். ஆகவே அதற்கு எந்தச் சக்கரம் ஏற்றது என்ற கேள்விக்கு என் பதில், இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்பதுதான். ஆணை உடனே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். பெண் சின்சில்லா ஈன்ற ஓரிரு நாள்களுக்குள்ளேயே மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினையையும் சுமப்பது அதன் உடலை உருக்கிவிடும். இரண்டு கூண்டுகளையும் ஒன்றையொன்று பார்க்கும்படி, ஆனால் கம்பி வழியே கடிக்க எட்டாத இடைவெளியில் வையுங்கள். பழகிய துணையின் வாசம் அருகில் இருந்தால் அவை அமைதியாக இருக்கும். பிற்பாடு ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்தாலும், அதன் பிறகு சில வாரங்கள் கழித்தே சேர்த்து விட வேண்டும்.

இந்த இடத்தில், என்னிடம் யார் வந்தாலும் நான் வலியுறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சக்கரம் வாங்குவதற்கு முன் ஒரு தராசு வாங்குங்கள். சமையலறையில் மாவு நிறுக்கும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். ஒரு கிராம் வரை காட்ட வேண்டும், இரண்டு கிலோ வரை தாங்க வேண்டும். சின்சில்லாவின் உரோமம் மிக அடர்த்தியானது. ஒரே மயிர்க்காலிலிருந்து பல பத்து இழைகள் கிளம்பும். அந்தப் போர்வைக்கு அடியில் உடல் இளைத்தாலும் வெளியே தெரியாது. நான் வளர்க்கத் தொடங்கிய காலத்தில் ஓர் ஆண் சின்சில்லாவை நாள்தோறும் பார்த்துக்கொண்டே, நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். கையில் தூக்கிய ஒரு நாள் முதுகெலும்பு விரலில் தட்டியது. நிறுத்துப் பார்த்தால், முன்பு குறித்து வைத்திருந்த எடையைவிட 90 கிராம் குறைவு; ஐந்நூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள உயிருக்கு அது பேரிழப்பு. கடைவாய்ப் பல் வளர்ந்து கன்னத்தைக் குத்தியதால் தின்ன முடியாமல் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து என் கண்ணை நான் நம்புவதில்லை.

நிறுக்கும் முறை எளிது. உயரமான ஓரங்கள் உள்ள ஒரு மரப்பெட்டியைத் தராசின் மேல் வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பிடி உலர்புல் போட்டால் நிறுக்கும் நேரத்துக்கு விலங்கு அதில் ஈடுபட்டிருக்கும். அந்தப் புல்லையும் சேர்த்தே பூஜ்யமாக்க வேண்டும். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், மாலையில் தீனி வைப்பதற்கு முன் நிறுத்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மாதங்களாக எழுதி வைத்திருந்தால் இன்று நீங்கள் எனக்கு எழுதவே தேவை இருந்திருக்காது. தீனி மாறாமல் இருக்கும்போது சினையால் முதலில் மெல்லவும் பிறகு வேகமாகவும் ஏறும் எடை, கொழுப்பால் ஏறும் எடையிலிருந்து நோட்டிலேயே தனித்துத் தெரியும். ஏற்கெனவே உள்ள எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் காரணத்தை யோசித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் விதி.

சக்கரத்துக்கும் தராசுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நல்ல சக்கரமே ஆனாலும் சில சின்சில்லாக்கள் அதை விட்டு இறங்குவதில்லை. தீனியையும் மறந்து இரவு முழுக்க ஓடும். நாம் தூங்கிக்கொண்டிருப்போம், காலையில் பார்த்தால் ஓய்ந்து படுத்திருக்கும். அது ஓடித் தீர்த்ததற்கான ஒரே சாட்சி வார எடைதான். எடை சரிகிறது என்றால் சக்கரத்தை நாளுக்கு இரண்டு மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் கழற்றி வைக்க வேண்டும். ஆகவே, வாங்கும்போதே கருவி இல்லாமல் கையாலேயே கழற்றி மாட்டக்கூடிய சக்கரமாகப் பாருங்கள்.

ஆணுக்குக் கால் குணமான பிறகு வாங்க வேண்டிய சக்கரத்துக்கு வருகிறேன். விட்டம் 38 செ.மீ.க்குக் குறையக் கூடாது. 28 செ.மீ. சக்கரத்தில் ஓடிய உங்கள் சின்சில்லாவைப் பக்கவாட்டில் கவனித்திருந்தால், முதுகு பின்பக்கமாக வளைந்து, தலை அண்ணாந்து, வால் முதுகை நோக்கி மடங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியே மணிக்கணக்கில் ஓடினால் முதுகெலும்பு தாங்காது. ஓடும்போது முதுகுக்கோடு தரையில் ஓடுவது போலவே இருக்க வேண்டும். உங்கள் விலங்கு உடல் பெரியதாக இருந்து 38 செ.மீ.யிலும் முதுகு வளைந்தால் அதைவிடப் பெரியதாக எடுங்கள். ஓடும் பரப்பின் அகலம் 13 செ.மீ.யாவது இருக்கட்டும்.

பரப்பு இடைவெளியே இல்லாத ஒரே உலோகத் தகடாக இருக்க வேண்டும். கம்பிவலையும் குறுக்குத் தண்டும் வேண்டவே வேண்டாம். பலர் கவனிக்காமல் விடுவது அச்சைத்தான். சக்கரத்தின் திறந்த வாய்க்குக் குறுக்கே தாங்குகம்பி போகிறதென்றால், உள்ளே ஆரக்கால்கள் சுற்றும்போது அந்தக் கம்பியும் ஆரமும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள் போல ஒன்றையொன்று கடந்து போகும். இடையில் தலை நீட்டினால் கழுத்து, கால் நீட்டினால் கால். ஒரு பக்கம் முழுதாகத் திறந்தும், மறுபக்கம் மூடிய தகடாகவும், அச்சு அந்தத் தகட்டின் பின்னால் மட்டுமாகவும் அமைந்த சக்கரமே பாதுகாப்பானது. வாங்குமுன் ஒரு பென்சிலை எடுத்துச் சக்கரத்தின் எல்லா இடுக்குகளிலும் நுழைத்தபடி கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பென்சில் எங்கே பிடிபடுகிறதோ அங்கே காலும் பிடிபடும். கூண்டில் மாட்டிய பிறகு, சக்கரத்துக்கும் சுவருக்கும் இடையே இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். கடையில் தேறிய சக்கரம் கூண்டில் தேறாமல் போவதுண்டு. அச்சில் மூடிய பேரிங் இருந்தால் எண்ணெய் விடும் வேலையும் இரவில் கிறீச்சிடும் தொல்லையும் இல்லை.

பிளாஸ்டிக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சின்சில்லாவின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையும் கொறிக்கும். விழுங்கிய பிளாஸ்டிக் துணுக்கு குடலை அடைத்துவிடும், கொறித்த விளிம்போ பாதத்தைக் கிழிக்கும். துத்தநாக முலாம் பூசிய தகடும் கொறிக்கும் விலங்குக்கு நஞ்சாகலாம். துருப்பிடிக்காத எஃகோ அலுமினியமோ போதும். சாய்ந்த தட்டு வடிவச் சக்கரத்தை நான் மறுப்பதில்லை. முதுகு வளையாது, இடுக்கும் குறைவு. ஆனால் வேகத்தில் விலங்கு வெளியே வீசப்படும், ஆகவே பலகைகளிலிருந்து விலக்கி, தாழ்வாக வைக்க வேண்டும். எந்த வகையானாலும் ஒரு சக்கரத்தில் ஒரு விலங்கு மட்டுமே.

உங்கள் விற்பனையாளரைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். சிறு விலங்குகள் எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்துவிட்டால், நூற்றைம்பது கிராம் வெள்ளெலிக்கும் அரைக்கிலோவைத் தாண்டும் சின்சில்லாவுக்கும் ஒரே சக்கரம் பொருந்திவிடாது. ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் கொடுத்தவர், வயிறு பெருத்த செய்தியைக் கேட்டதும் சினையா என்று ஒரு வார்த்தை கேட்காமல் பந்து வாங்கச் சொன்னது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. அந்தப் பந்தை எந்தச் சின்சில்லாவுக்கும் வாங்காதீர்கள். இந்த உயிருக்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வழி கிடையாது. காற்றுப் புகச் சில துளைகள் மட்டுமே உள்ள பந்துக்குள் ஓடினால் உடல் சூடு வெளியேற இடமில்லை. நிற்க நினைத்தாலும் பந்து நிற்காது. துளையில் விரல் நுழைந்தால் மீண்டும் அதே முறிவுதான்.

வெப்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பகுதி, 1923-இல் மத்தையாஸ் சாப்மேன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் ஆண்டிஸ் மலையிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்த 11 சின்சில்லாக்களின் வழிவந்தவை. உயர்மலையிலிருந்து அவற்றை ஒரேயடியாக இறக்காமல், வெப்பத்துக்குப் பழக நாள் கொடுத்து மெல்ல மெல்லவே அவர் இறக்கினார். அந்த மலைக்குளிருக்கான போர்வை இன்னும் அவற்றின் மேல் இருக்கிறது. 25 டிகிரியைத் தாண்டினாலே வெப்ப அதிர்ச்சிக்கு இடமுண்டு. உங்கள் அறையில் 27. சினையான விலங்குக்கு இது இன்னும் கடினம். குளிரூட்டி வைத்தோ, வீட்டின் குளிர்ந்த அறைக்குக் கூண்டை மாற்றியோ, 20 டிகிரியை ஒட்டிக் கொண்டுவாருங்கள். மாற்றுவதாக இருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். ஈனும் நாள் நெருங்கியபின் இடம் மாற்றுவது நல்லதன்று. விசிறி மட்டும் போதாது, வியர்க்காத உடலுக்குக் காற்றால் பெரிய பயன் கிடையாது.

குட்டிகள் பிறக்கும்போதே உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறந்து, அன்றே ஓடத் தொடங்கிவிடும். தாயின் கூண்டில் சக்கரம் இருந்தால் முதல் நாளே அதற்கு அடியில் போய் நிற்கும். ஆகவே குட்டிகள் ஆறு முதல் எட்டு வாரங்களில் பால் மறந்து வேறு கூண்டுக்குப் போகும் வரை அங்கே சக்கரம் கூடாது. அதற்குப் பின் தாயின் எடை இரண்டு வாரம் நிலையாக நின்றால் அதற்குச் சக்கரம் கொடுக்கலாம். குட்டிகளுக்கு ஆறு மாதம் ஆகட்டும்.

ஆணுக்கு எக்ஸ்ரேயில் முறிவு இல்லையென்றாலும், பலகைக்குத் தயங்காமல் தாவத் தொடங்கிய பின் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு முதல் வாரம் மாலையில் அரை மணி நேரம் மட்டும், நீங்கள் அருகில் இருக்கும்போது மாட்டுங்கள். இறங்கி நிற்கையில் அந்தப் பின்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். தூக்கினால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். இரண்டு விலங்குகளின் இன்றைய எடையையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.