சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து ஜே.எஃப்.கே. விமான நிலையம் வரை ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இடைநில்லா விமானத்தில் சென்றால் சுமார் பதினெட்டரை மணி நேரம் ஆகும்.

தூரத்தை நீங்களே ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். இவ்விரு ஊர்களும் உலக உருண்டையில் கிட்டத்தட்ட நேரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே செல்கிறது. சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை, ஆக மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,318 வருகிறது. மேலே சொன்ன எண்ணுக்கும் இதற்கும் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம்.

ஆனால் விமானம் அந்த வழியில் போவதில்லை. நான் ஒரு ஜூலை மாதத்தில் சென்றபோது, இருக்கைத் திரையில் இருந்த வரைபடத்தில் விமானம் ஜப்பானைக் கடந்து பசிபிக் பெருங்கடலின் மேல் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. இறங்கும்போது பறந்த தூரம் பதினாறாயிரத்தைத் தாண்டியிருந்தது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வளிக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், சுற்றுவழியில் சென்றாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. திரும்பும்போதும் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருகிறார்கள். போய்வந்தவர் உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார் என்று பொருள். காற்று நாளுக்கு நாள் மாறுவதால் பறக்கும் நேரமும் மாறும். பயணச்சீட்டில் உள்ள நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் அடங்கும் என்பதால், சற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்தால் வியக்க வேண்டாம்.

இந்த இடைநில்லாப் பயணத்துக்கான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தூர வகை) விமானத்தில் 161 இருக்கைகளே உண்டு, சாதாரண எகானமி வகுப்பு கிடையாது. கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் செல்லலாம். ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

நேர வேறுபாடு கோடையில் சரியாக 12 மணி நேரம். எனவே முள் கடிகாரத்தைத் திருப்பும் வேலையே எனக்கு இருக்கவில்லை. நள்ளிரவுக்குப் பின் கிளம்பி, அதே தேதியில் காலை ஏழு மணியளவில் இறங்கினேன். குளிர்காலத்தில் வேறுபாடு 13 மணி நேரம் ஆகிவிடும். திரும்பும் பயணத்தில்தான் கவனம் தேவை: பத்தாம் தேதி இரவு நியூயார்க்கில் ஏறினால், சிங்கப்பூரில் இறங்குவது பன்னிரண்டாம் தேதி விடியற்காலையில். அழைத்துச் செல்ல வருபவரிடம் இறங்கும் தேதியைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் கிளம்பும் தேதியை மட்டும் சொன்னதால், என் தம்பி ஒரு நாள் முன்னதாகவே சாங்கிக்கு வந்து காத்திருந்தான்.