வாசகர் கேள்விகள்: இசைத்தட்டில் பெயர் இல்லாத வித்துவான்கள்

பழைய திரைப்பாடல்களில் வாத்தியம் வாசித்தவர்களையும் கோரஸ் பாடியவர்களையும் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த கிராமபோன் பெட்டியும், பிறகு வாங்கிச் சேர்த்த ஐம்பது அறுபது பிளேட்டுகளும் இரண்டாம் கட்டு அறையில் கிடைத்தன. லேபிளில் பாடியவர் பெயரும் படத்தின் பெயரும் இருக்கின்றன. வயலின், குழல் வாசித்தவர்களின் பெயர் ஒன்றில்கூட இல்லையே, ஏன்? அவர்களைக் கண்டுபிடிக்க வழி உண்டா? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: லேபிள் என்பது கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ள சீட்டு. எந்தப் பெயரைச் சொன்னால் தட்டு விற்குமோ அந்தப் பெயர்தான் அதில் ஏறியது. வாசித்தவர் மட்டுமல்லர், பாடியவரே விடுபட்டதும் உண்டு. 1949இல் வெளிவந்த ‘மகல்’ என்ற இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் இசைத்தட்டில், பாடியவர் என்று முதலில் அச்சிடப்பட்டிருந்தது கதாபாத்திரத்தின் பெயரான ‘காமினி’. அவருக்கே அந்த நிலை என்றால், பின்வரிசையில் வயலின் பிடித்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தேடுவதற்கு முதல் இடம் படத்தின் பாட்டுப் புத்தகம். அதில் இசையமைப்பாளர், பாடகர் விவரங்களோடு, சில வேளைகளில் உதவியாளர் பெயரும் அகப்படும். தங்கள் ஊரை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் இத்தகைய அச்சுத் தாள்களையும் புத்தகங்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்தார். அந்தச் சேகரிப்பே 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்கி வருகிறது. சில்லறைத் தாள் என்று பிறர் எடைக்குப் போட்டவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர் அவர். அதனால்தான் இன்று நாம் தேடிப் போக ஓர் இடம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. 1930களிலும் 40களிலும் படத்துக்காக ஒரு முறை பதிந்த பாட்டை இசைத்தட்டுக்காகத் தனியே மறுபடியும் பாடிப் பதிவது வழக்கத்தில் இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றேகால் நிமிடத்துக்குமேல் அடங்குவது கடினம் என்பதால், பாட்டைச் சுருக்கினார்கள் அல்லது இரு பக்கமாகப் பிரித்தார்கள். ஆகவே படத்தில் ஒலிக்கும் குழலும் தட்டில் ஒலிக்கும் குழலும் ஒருவருடையவையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு, தட்டில் வாசித்தவரும் இவரே என்று எழுதிவைத்துவிட வேண்டாம்.

கேள்வி: தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். ஸ்டூடியோ இருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அங்கே வாத்தியக்காரர்கள் தங்கி வேலை பார்த்தார்களா? (காரைக்குடி வாசகர்)

பதில்: இருந்தது உண்மை. காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பன் 1940களின் நடுவில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை அமைத்துப் படமெடுத்தார். 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானதுதான். பிறகுதான் ஸ்டூடியோ சென்னைக்குப் போனது. அந்தப் படத்துக்கு இசை ஆர்.சுதர்சனம்; குமாரி கமலாவின் நடனத்துக்குப் பின்னால் பாரதியார் பாட்டைப் பாடியவர் டி.கே.பட்டம்மாள்.

மெய்யப்பன் சினிமாவுக்கு வந்ததே பிளேட் வியாபாரத்திலிருந்துதான் என்பதை மறந்துவிடக் கூடாது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1932இல் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் இசைத்தட்டு விற்ற கடை. எந்தக் குரல் விற்கும், எது விற்காது என்பது அவருக்குக் கல்லாப் பெட்டியிலேயே தெரிந்திருந்தது. 1945இல் வந்த ‘ஸ்ரீவள்ளி’யில் கதாநாயகி ருக்மிணியின் பாட்டுகளை எடுத்துவிட்டு, பி.ஏ.பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார். அப்படி ஒரு முடிவை எடுக்க வியாபாரியின் காது வேண்டும்.

வாத்தியக்காரர்களைப் பொறுத்தவரை, அந்தக் காலப் படக் கம்பெனிகள் நடிகரையும் தச்சரையும் போலவே அவர்களையும் மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. ஸ்டூடியோ எங்கேயோ அங்கே குடியிருப்பு. சம்பளம் சிறியது, ஆனால் முதல் தேதி வந்துவிடும். 1950களில் இந்த ஏற்பாடு தளர்ந்து, கோடம்பாக்கத்தில் கால்ஷீட் கணக்கில், அதாவது ஒரு பதிவு வேளைக்கு இவ்வளவு என்று, கூலி வாங்கும் முறை நிலைபெற்றது. காலையில் ஒரு ஒலிப்பதிவுத் தியேட்டரில் ஒரு இசையமைப்பாளரிடமும் மதியம் இன்னொரு தியேட்டரில் வேறொருவரிடமும் வாசித்தார்கள். கையில் பணம் கூடியது. இன்னாருடைய குழு என்ற அடையாளம் குறைந்தது.

கேள்வி: கோரஸ் பாடுவதோடு நின்றுவிட்டவர்களைத் தோற்றுப்போனவர்கள் என்று கருதலாமா? (பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி)

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்ட தங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் ‘வாராய் என் தோழி வாராயோ’ ஒலித்திருக்கும். செட்டிநாட்டில் மைக் செட் கட்டிய எந்த முகப்பிலும் அது ஒலிக்காமல் இருந்ததில்லை. 1961இல் வந்த ‘பாசமலர்’ படத்துக்காக, சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையமைத்த பாட்டு அது. பாடிய எல்.ஆர்.ஈஸ்வரி கோரஸிலிருந்து வந்தவர். அவருடைய தாயாரும் கோரஸ் பாடகியே. தாயோடு பதிவுக்குப் போன சிறுமி, 1954இல் வந்த ‘மனோகரா’வில் குழுவோடு குழுவாகப் பாடினார். தனித்துப் பாட 1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி.மகாதேவன் வாய்ப்புக் கொடுத்தார். அதன் பிறகும் மூன்று ஆண்டு காத்திருந்துதான் ‘வாராய் என் தோழி’ கிடைத்தது. அந்தப் பாட்டை இப்போது ஒரு முறை கவனித்துக் கேளுங்கள். ஈஸ்வரி ஒரு வரியைப் பாட, தோழிகளாக வரும் கோரஸ் அதை வாங்கித் திருப்பித் தருகிறது. நேற்றுவரை அந்தப் பின்வரிசையில் நின்றவரே முன்னால் வந்து நிற்கிறார் என்று தெரிந்து கேட்கும்போது, எனக்கு அந்தத் திரும்பப் பாடுதல் வேறாகக் கேட்கிறது. ஆடி மாதத்திலும், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவிலும் ஊரை எழுப்புகிற அதே குரல்தான்.

ஆனால் ஈஸ்வரியைக் காட்டி மற்றவர்களை அளப்பது நியாயமாகாது. கோரஸ் பாடுவது தனியான ஒரு தேர்ச்சி. பத்துப் பேர் ஒரே மைக்கின் முன்னால் நின்று, ஒருவர் குரலும் துருத்தாமல், ஒரே மூச்சில் எடுத்து ஒரே இடத்தில் விட வேண்டும். நல்ல தனிப்பாடகர்கள் பலருக்கு இது வராது. இலங்கை வானொலியில் பாடகர் பெயரைச் சொல்லிவிட்டு ‘மற்றும் குழுவினர்’ என்பார்களே, அந்த ஒரு சொல்லுக்குள் முப்பது ஆண்டு குடும்பம் நடத்தியவர்கள் இருந்தார்கள். அதைத் தோல்வி என்று என்னால் சொல்ல இயலாது.

கேள்வி: ‘ஷெனாய்’ சத்யம், ‘மாண்டலின்’ ராஜு, ‘கிட்டார்’ பிலிப்ஸ் என்று வாத்தியத்தைப் பெயருக்கு முன்னால் ஒட்டுவது எதனால்? (தேவகோட்டை வாசகர்)

பதில்: நம்மில் ஊர்ப் பெயரும் வீட்டு விலாசமும் பெயருக்கு முன்னால் நிற்பதைப் போலத்தான். ஒரே பதிவில் இரண்டு ராஜுக்கள் வந்தால் கணக்குப்பிள்ளை யாருக்குச் சம்பளக் கவரைக் கொடுப்பார்? வாத்தியமே இனிஷியல் ஆயிற்று. தாங்கள் குறிப்பிட்ட மூவரும் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் பெரும் பங்கு வகித்தவர்கள். நோயல் கிராண்ட் அவருடைய டிரம்ஸ் கலைஞர். பறவை, விலங்குகளின் ஒலியையும் வேடிக்கைக் குரல்களையும் தொண்டையாலேயே எழுப்பிய சதன் எந்த வாத்தியத்தின் கீழும் வராதவர், அதனால் வெறும் சதனாகவே இருந்துவிட்டார்.

கேள்வி: ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசனுக்காக நாகசுரம் வாசித்தது யார்? (புதுவயல் வாசகர்)

பதில்: மதுரை எம்.பி.என்.சேதுராமன், எம்.பி.என்.பொன்னுசாமி சகோதரர்கள். ஆண்டு 1968, இசை கே.வி.மகாதேவன். அதற்கு முன் 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலோடு சரிக்குச் சரி நின்ற நாகசுரம் காருகுறிச்சி அருணாசலத்தினுடையது. இவர்கள் பெயர் நிலைத்ததற்கு ஒரு காரணம், கோயிலிலும் கச்சேரியிலும் ஏற்கெனவே பெயர் பெற்று சினிமாவுக்கு வந்ததுதான். பதிவுக் கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்த கலைஞருக்கு அந்த வசதி இல்லை.

கேள்வி: ‘இளைய நிலா பொழிகிறதே’ பாட்டின் கிட்டாரை இளையராஜாவே வாசித்தார் என்கிறான் என் நண்பன். சரியா? (காரைக்குடி, கல்லூரி மாணவர்)

பதில்: நண்பருக்கு இப்படித் தோன்றியதில் வியப்பில்லை, இளையராஜா ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த காலத்தில் கிட்டார் வாசித்தவர்தான். ஆனால் 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் அந்தப் பாட்டில் கிட்டார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். அவருடைய சகோதரர் புருஷோத்தமன், இளையராஜா குழுவின் டிரம்ஸ் கலைஞர்.

இங்கே வேலைப் பங்கீட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியை மேற்கத்திய இசைக் குறியீட்டில் தாமே எழுதிக் கொடுப்பார். வாசிப்பவர்கள் அதைப் பிரதியெடுத்து, ஒத்திகை பார்த்து, அன்றைக்கே வாசித்து முடிக்க வேண்டும். பல தடங்களில் தனித்தனியே பதியும் வசதி பரவும்வரை, பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் பதிய வேண்டியிருந்தது. நாலு நிமிடப் பாட்டின் கடைசி வரியில் ஒரு வயலின் சுருதி பிசகினாலும் எல்லோரும் பல்லவியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்வரம் எழுதியவருடையது என்றால் வாசித்தவருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். எழுதிய தாளில் விரல் அழுத்தம் இருக்காது. ‘இளைய நிலா’வின் அந்தக் கிட்டாரை மேடைகளில் அதே ஸ்வரத்தோடு நூறு பேர் வாசிக்கக் கேட்டிருக்கிறோம், பதிவில் உள்ள நிதானம் எத்தனை பேருக்கு வந்தது? வி.எஸ்.நரசிம்மனின் வயலினுக்கும் இது பொருந்தும். 1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் அவருக்கு முழு இடம் கிடைத்தது. 1984இல் ‘அச்சமில்லை அச்சமில்லை’ படத்துக்கு இசையமைத்தவரும் நரசிம்மனே. புல்லாங்குழல் அருண்மொழியைப் பலர் பாடகராக மட்டுமே அறிவார்கள். நெப்போலியன் என்ற பெயரில் குழல் வாசித்தவரும் அவர்தான்.

கேள்வி: என் தந்தையார் சென்னையில் 1960களின் பிற்பகுதியிலிருந்து 80கள்வரை திரைப் பாடல்களில் வயலின் வாசித்தார். அந்தப் பாட்டுகள் இன்றும் எங்கும் ஒலிக்கின்றன. குடும்பத்துக்கு ராயல்டி ஏதும் உண்டா? (கோட்டையூர் வாசகர்)

பதில்: பெரிய நம்பிக்கை கொடுக்க என்னால் இயலவில்லை. அவர்கள் வாங்கியது கால்ஷீட் கூலி. அதோடு கணக்கு முடிந்தது. வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் ‘நிகழ்த்துநர் உரிமை’ என்ற ஒன்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்ததே 1994இல்தான். அதன் காலம் 1999இல் 50 ஆண்டாக்கப்பட்டது. வாசித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணுவதால், 1968இல் வாசித்ததற்கு அந்தக் கணக்கு 2018 இறுதியோடு தீர்ந்துவிடுகிறது. 1980இல் வாசித்ததற்கு 2030வரை வருகிறது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே பாடகர்கள் தங்களுக்கென உரிமைச் சங்கம் அமைத்தார்கள். பின்னர் அதில் வாத்தியக் கலைஞர்களும் சேர்க்கப்பட்டார்கள். சட்டம் வருவதற்கு முந்தைய வாசிப்புக்கு இவை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, பதிப்புரிமை வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்பதே முறை.

அதே 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ வந்து போகிறவர், தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலில் எங்கும் குறிப்பிடப்படாதவராக இருந்தால், பெரும்பாலான நோக்கங்களுக்கு அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். இது வாத்தியக் கலைஞரை நினைத்து எழுதப்பட்டதன்று என்றே வாதாடலாம். ஆயினும் பெயர் போடாத பழக்கம் ஒருவருடைய உரிமைக்கே இடையூறாக முடியக்கூடும் என்பதை அந்த வரி காட்டுகிறது. 1990களில் ஏ.ஆர்.ரகுமான் தம் இசைத்தொகுப்புகளின் அட்டையில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டதை நான் மரியாதையோடு மட்டும் பார்க்கவில்லை, அது ஆவணமும்கூட. தங்கள் தந்தையார் வைத்திருந்த சங்க அட்டை, கால்ஷீட் குறித்த நாட்குறிப்பு, கவர்கள், பதிவுக் கூடத்தில் எடுத்த படங்கள் எவையேனும் இருந்தால் தேதி எழுதி ஓரிடத்தில் சேர்த்துவையுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கும்போதே, பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

கேள்வி: பழைய பிளேட்டுகளை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா? (காரைக்குடி வாசகி)

பதில்: கொடுப்பது தங்கள் விருப்பம். அதற்கு முன் ஒவ்வொரு தட்டின் இரு லேபிள்களையும் படமெடுத்து, லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிவு என்று பிற்பாடு நிர்ணயிக்க அந்த எண்தான் உதவும். துடைக்கிறேன் என்று ஸ்பிரிட் போட வேண்டாம், 78 சுற்றுத் தட்டில் உள்ள அரக்கு கரைந்துவிடும். பிற்காலத்து எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) தட்டுக்கு உரிய ஊசியையும் அதில் வைக்கக் கூடாது. பள்ளத்தின் அகலம் வேறு. கிராமபோன் பெட்டிக்கு விலை பேசுகிறவர் பிளேட்டுகளைச் சும்மா சேர்த்துக் கொடுக்கச் சொல்வார். அவற்றைத் தனியாக எண்ணி, தனியாக விலை கேளுங்கள்.